கல்குவாரியில் உங்கள் பெயர்

காஞ்சிபுரத்தை அடுத்த செவிலிமேட்டில் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் ஐயங்கார்குளம். சித்ரா பௌர்ணமிக்குக் காஞ்சி வரதர் வந்து இறங்கும் நடவாவிக் கிணறும், தாதசமுத்திரம் என்கிற பெரிய ஏரியும் இந்த ஊரைப் பலருக்குத் தெரியவைத்தவை. அங்கிருந்து உத்திரமேரூரைத் தாண்டிப் போனால் மதூர், சிறுதாமூர், எடமிச்சி, பழவேரி என்று கல்குவாரியும் கிரஷருமாக இருக்கும் ஊர்கள். ஆற்று மணல் அருகிப்போய் எம்-சாண்டுக்கு மவுசு வந்தபின் இந்தப் பக்கத்து மலைகளில் டிப்பர் நடமாட்டம் பல மடங்கு கூடிவிட்டது. 2021 பிப்ரவரியில் மதூர் குவாரியில் பாறை சரிந்து ஆட்கள் உயிரிழந்ததைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள்.

குவாரி என்றதும் டிரில்லரும் டிரைவரும் வெடிவைக்கிறவரும்தான் எல்லோர் நினைவுக்கும் வருகிறார்கள். ஜல்லி உடைக்கிறவர்கள், சக்கை பொறுக்குகிறவர்கள், கிரஷரில் பெல்ட்டுக்கு அடியில் கொட்டும் தூசியைக் கூட்டி அள்ளுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். அந்தப் பெண்களுக்கும், குவாரிக்குப் பக்கத்தில் குடியிருக்கும் பெண்களுக்கும் இந்த அத்தியாயம். சட்டத்தில் அவர்களுக்கு என்னென்ன இருக்கிறது, எந்த வாசலில் போய் எப்படிக் கேட்பது என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் பதிவேடு

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு காரியத்தைத்தான் உங்களால் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள்: ஆஜர் பதிவேட்டில் உங்கள் பெயரை ஏற்றச் சொல்லுங்கள். பிரசவச் சலுகை, விபத்து நஷ்டஈடு, மருத்துவப் பரிசோதனை, கூலி பாக்கி என்று எதைக் கேட்டுப் போனாலும் அதிகாரி கேட்கும் முதல் கேள்வி, நீங்கள் அங்கே வேலை பார்த்ததற்கு என்ன ஆதாரம் என்பதுதான். சுரங்கத்தில் வேலை செய்யும் ஒவ்வொருவர் பெயரையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டமே சொன்னது. சட்டத்தின் பார்வையில் கல்குவாரியும் சுரங்கம்தான். பூமிக்கடியில் குடைந்திருக்க வேண்டும் என்பதில்லை.

நடைமுறை வேறு மாதிரி இருக்கிறது. கல் உடைக்கும் வேலைக்குப் புருஷன் பெண்டாட்டியை ஜோடியாக எடுக்கிறார்கள். இருவர் உடைத்த ஜல்லிக்கும் சேர்த்து ஒரே கணக்கு, ஒரே கூலி. நோட்டில் இருப்பது ஆணின் பெயர் மட்டும். கேட்டால் பேச்சு இப்படித்தான் போகும்:

"மேஸ்திரி, நோட்டுல எம்பேரு எங்க?"

"உங்க வீட்டுக்காரர் பேரு இருக்குதேம்மா. அது போதும்."

"அவரு உடைச்ச கல்லு வேற, நான் உடைச்சது வேற. எனக்குத் தனியா எழுதுங்க."

"ஒரே குடும்பத்துல ரெண்டு பேரு எழுதினா கணக்கு குழம்பும்மா."

கணக்கு குழம்பாது. அவர் சொல்லும் அந்த "போதும்" முதலாளிக்குத்தான். கல் விழுந்து உங்கள் கால் முறிந்தால், அன்றைக்கு நீங்கள் புருஷனுக்குச் சோறு கொண்டுவந்தவராக ஆகிவிடுவீர்கள்.

2025 நவம்பர் 21 முதல் நான்கு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. அவற்றில் வேலைப் பாதுகாப்பு, சுகாதாரம், வேலைநிலைமைகள் பற்றிய 2020ஆம் ஆண்டுத் தொகுப்பு, வேலைக்கு எடுக்கும் ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும் என்கிறது. ஊதியத் தொகுப்பு கூலிச் சீட்டு கொடுக்கச் சொல்கிறது. குவாரித் தொழிலில் இந்த இரண்டு காகிதங்களையும் பார்த்தவர்கள் குறைவு. அதனால்தான் கேட்க வேண்டும். வாயால் கேட்டுக் கிடைக்காவிட்டால் எழுதிக் கேளுங்கள். எழுதியதை போனில் படம் எடுத்து வையுங்கள்.

கடிதமும் சீட்டும் கைக்கு வரும்வரை உங்கள் ஆதாரத்தை நீங்களே சேர்க்க வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளையின் நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, காலை எத்தனை மணிக்குப் போனீர்கள், எத்தனை லோடு, யார் ஏற்றினார்கள், வண்டி நம்பர், வாங்கிய பணம். தினமும் ஒரு வரி. கூலியை வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள், அதுவும் உங்கள் பெயரில் உள்ள கணக்கில். வங்கிப் பாஸ்புத்தகத்தை மறுத்துப் பேசுவது மேஸ்திரிக்கு அவ்வளவு சுலபம் இல்லை.

லோடை நீங்களே அளங்கள்

கூலி லோடு கணக்கில் வருவதால், ஏமாற்றும் லோடு கணக்கில்தான் நடக்கிறது. அளக்கத் தெரிந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

நம் பக்கத்தில் ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. வண்டிப் பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடிக் கணக்கில் எடுத்துப் பெருக்குங்கள். வந்ததை நூறால் வகுங்கள். டிராக்டர் பெட்டி 10 அடி நீளம், 5 அடி அகலம், 2 அடி உயரம் என்றால் 100 கன அடி, சரியாக ஒரு யூனிட். அதே பெட்டிக்கு மேலே அரை அடி பலகை வைத்து உயர்த்தியிருந்தால் 125 கன அடி. ஆனாலும் மேஸ்திரி ஒரு யூனிட் என்றுதான் எழுதுவார். அப்படி நான்கு லோடு போனால் ஒரு முழு யூனிட்டைச் சும்மா உடைத்துக் கொடுத்திருக்கிறீர்கள். தலைதட்டி ஏற்றுவதும் கும்பமாகக் குவித்து ஏற்றுவதும் ஒன்றில்லை. கும்பமாக ஏற்றினால் அதற்குத் தனியாகக் கேளுங்கள். தையல்காரர் வைத்திருக்கும் டேப் ஒன்று இடுப்பில் இருக்கட்டும்.

குறைந்தபட்சக் கூலிக்கான மத்திய அரசின் அறிவிக்கை, கல் உடைப்பதற்கு ஒரு லாரி லோடை 5.662 கன மீட்டர் என்று எடுத்துக்கொள்கிறது. அதாவது 200 கன அடி, நம் கணக்கில் இரண்டு யூனிட். ஜல்லியின் சைஸுக்கு ஏற்ப விலை மாறும். சைஸ் சிறுக்கச் சிறுக்கக் கூலி கூடும், உழைப்பு அதிகம் என்பதால். இந்த விலைகள் பஞ்சப்படியோடு சேர்ந்து ஏப்ரலிலும் அக்டோபரிலும் மாறும் என்பதால் இங்கே தொகையை அச்சிடவில்லை. அந்த அரையாண்டுக்கான பட்டியலை வாங்கி, தமிழில் எழுதி, குவாரிப் பக்கத்து டீக்கடையில் ஒட்டிவையுங்கள்.

ஜோடிக் கூலி வாங்குகிறவர்கள் இன்னொரு கணக்கும் போட வேண்டும். வாரம் முழுக்க வந்த பணத்தை இருவருக்கும் பிரித்து, வேலை செய்த நாட்களால் வகுத்துப் பாருங்கள். ஒரு ஆளின் ஒரு நாள் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே அது வந்தால், சட்டப்படி பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரி வேலைக்கு வேறு வேறு கூலி கூடாது என்பது 1976லிருந்து சட்டம். இப்போது ஊதியத் தொகுப்பில் அது 3ஆம் பிரிவு. கூலி பாக்கி கேட்டு மனுப் போட மூன்று வருட அவகாசம் உண்டு. ஆனாலும் மூன்று வருடம் காத்திருக்காதீர்கள். குவாரிக் குத்தகை கைமாறிவிட்டால் யாரைக் கேட்பது என்பதே தகராறாகிவிடும்.

எந்த வாசலில் கேட்பது

பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். சுரங்கத் தொழிலாளர் விஷயம் மத்திய அரசின் கையில் இருக்கிறது. காஞ்சிபுரத்தில் இருக்கும் மாநில அரசின் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனால், இது எங்கள் வேலை இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். குவாரிக் கூலிக்கும் பாக்கிக்கும் சென்னை ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவனில் இருக்கும் மத்திய தொழிலாளர் ஆணையர் அலுவலகம். அலைய முடியாதவர்கள் மத்திய தொழிலாளர் துறையின் சமாதான் இணையதளத்தில் மனுவைப் பதியலாம். பாறை சரிவு, வெடி, தூசி, மருத்துவப் பரிசோதனை போன்றவற்றுக்கு சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககம்; தலைமையகம் தன்பாத்தில் இருந்தாலும் சென்னையிலும் அலுவலகம் உண்டு. குத்தகை, எல்லை, எத்தனை லோடு எடுக்கலாம் என்பதெல்லாம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள புவியியல் மற்றும் சுரங்கத் துறை உதவி இயக்குநர் பொறுப்பு.

கிரஷர் குவாரியோடு சேர்ந்தே, குவாரிக்காரருக்கே சொந்தமாக இருந்தால் சுரங்கக் கணக்கில் வரும். தனியாக வேறு இடத்தில் ஓடும் கிரஷர் என்றால் தொழிற்சாலை. அதற்கு மாநில அரசு அதிகாரிகள். எது என்று புரியாவிட்டால் இரண்டு இடத்துக்கும் மனுப் போடுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் ஒரு நகல் கொடுத்து, மனு எண் போட்ட ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். மனுவை நீட்டி எழுத வேண்டியதில்லை. இப்படி இருந்தால் போதும்:

"ஐயா / அம்மா, நான் மேற்படி கிராமத்தில் சர்வே எண் — இல் உள்ள கல்குவாரியில் — மாதம் முதல் ஜல்லி உடைக்கும் வேலை செய்து வருகிறேன். பதிவேட்டில் என் பெயர் எழுதப்படவில்லை. நியமனக் கடிதமும் கூலிச் சீட்டும் தரப்படவில்லை. நேரில் ஆய்வு செய்து என் பெயரைப் பதிவு செய்யவும், குறைந்தபட்சக் கூலிக்குக் குறைந்த பாக்கியைப் பெற்றுத் தரவும் வேண்டுகிறேன். நான் தினமும் எழுதிவரும் நோட்டின் நகலை இணைத்துள்ளேன்."

வழக்கறிஞர் வேண்டுமென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள். பெண்ணாக இருந்தாலே இலவசச் சட்ட உதவிக்கு உரிமை உண்டு. வருமானச் சான்று கேட்கக் கூடாது.

ராத்திரி வேலை

1842இல் இங்கிலாந்து பெண்களைச் சுரங்கத்தின் அடியில் இறக்கக் கூடாது என்றது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1935இல் அதையே உலக உடன்படிக்கையாக்கியது. இந்தியாவில் 1952 சட்டத்தின் 46ஆம் பிரிவு, பூமிக்கடியில் பெண்களுக்கு முழுத் தடையும், மேலே காலை 6 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் தடையும் போட்டது. ஆறு மீட்டர் ஆழத்துக்கு மிகாத, ஐம்பது பேருக்கு மிகாத, வெடி வைக்காத சின்னக் குவாரிகளுக்கு அந்தச் சட்டத்தின் பெரும்பகுதி பொருந்தவில்லை. ஆனால் இந்த 46ஆம் பிரிவு அங்கேயும் பொருந்தியது.

2019 ஜனவரி 29 அன்று மத்திய அரசு இந்தத் தடையைத் தளர்த்தியது. எழுத்துமூலச் சம்மதத்தோடு, மூன்று பேருக்குக் குறையாத குழுவாக, மேல்பகுதியில் இரவு வேலை செய்யலாம் என்றது. பகலில் பூமிக்கடியில் தொழில்நுட்ப, மேற்பார்வை, நிர்வாக வேலைகளைச் செய்யலாம் என்றும் சொன்னது. 2021இல் ஜார்க்கண்டில் மத்திய அரசின் நிலக்கரி நிறுவனமான சென்ட்ரல் கோல்ஃபீல்ட்ஸில் ஆகாங்க்ஷா குமாரி சுரங்கத்துக்குள் இறங்கும் பொறியாளராகப் பொறுப்பேற்றது அப்படித்தான். இப்போது 2020 தொகுப்பின் 43ஆம் பிரிவு எல்லா வேலைக்கும் பெண்களை எடுக்கலாம் என்கிறது. இரவு வேலைக்குச் சம்மதம் கட்டாயம்.

பொறியியல் படித்த பெண்ணுக்கு இது பெரிய கதவு. அது திறந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். குவாரிப் பெண்ணுக்கு இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. இத்தனை நாள் "ஏழு மணிக்கு மேல் சட்டம் விடாது" என்று சொல்லி வீட்டுக்குக் கிளம்ப முடிந்தது. இனி அந்தச் சட்டத்தின் இடத்தில் உங்கள் சம்மதம் நிற்கிறது. வெற்றுத் தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எத்தனை மணி வரை, திரும்பிப் போக வண்டி யார் பொறுப்பு, கூட எத்தனை பெண்கள் என்பது எழுதியிருந்தால் மட்டும் யோசியுங்கள். தூசியும் இருட்டும் சேர்ந்த கிரஷரில் இரவு வேலை வேண்டாம் என்பது என் கருத்து.

வேலையிடத்தில் பாலியல் தொல்லை என்றால், பத்துப் பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் இடமாக இருந்தாலும், முதலாளியே தொல்லை தருகிறவராக இருந்தாலும், மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழுவுக்குப் போகலாம். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் தர வேண்டும். அவசரத்துக்குப் பெண்கள் உதவி எண் 181.

வயிற்றுப் பிள்ளையும் நெஞ்சுத் தூசியும்

பிரசவச் சலுகைச் சட்டம் 1961லேயே சுரங்கத்தைப் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொண்டது. பிரசவத்துக்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம், அதற்கு மேல் 12 வாரம், கரு கலைந்தால் 6 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. தினக்கூலி என்பது காரணமாகாது. அந்த 80 நாளை நிரூபிக்கத்தான் மேலே சொன்ன நாற்பது பக்க நோட்டு.

அடுத்தது சிலிக்கோசிஸ். பாறைத் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலில் போய்ப் படிந்து தழும்பாகிவிடும். இருமல், மூச்சுத் திணறல், உடல் இளைப்பு என்று வரும்போது டிபி என்று நினைத்து மாத்திரை கொடுத்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. சிலிக்கோசிஸ் உள்ளவருக்கு டிபி சீக்கிரம் தொற்றுவதும் உண்டு என்பதால் இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். எனவே அரசு மருத்துவமனையில் டாக்டரிடம் முதல் வாக்கியமே இதுவாக இருக்கட்டும்: "நான் இத்தனை வருஷம் கல்குவாரியில வேலை பார்த்தேன். எக்ஸ்ரே எடுத்துப் பாருங்க." சீட்டில் "கல்குவாரித் தொழிலாளி" என்று எழுதச் சொல்லுங்கள். பல பெண்களின் சீட்டில் தொழில் என்ற இடத்தில் இல்லத்தரசி என்று எழுதிவிடுகிறார்கள். சிலிக்கோசிஸ் சட்டப்படி நஷ்டஈட்டுக்குரிய தொழில்நோய். ஆனால் இல்லத்தரசிக்குத் தொழில்நோய் வந்ததாக எந்த அதிகாரியும் ஒப்புக்கொள்ள மாட்டார். துளை போடும் இடத்திலும் கிரஷரிலும் தண்ணீர் தெளிக்க வேண்டியது குவாரி நடத்துகிறவர் கடமை. முகத்தில் கட்டும் துண்டு இந்தத் தூசியைத் தடுக்காது.

கல் உடைப்போர் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்திலும் உறுப்பினராகலாம். புருஷன் அட்டை வைத்திருந்தாலும் உங்களுக்கென்று தனியாக ஓர் அட்டை எடுங்கள்.

முன்பணம்

முன்பணம் வாங்குவது குற்றம் இல்லை. அந்தக் கடன் தீரும்வரை வேறு இடத்துக்குப் போகக் கூடாது, கூலியைக் குறைத்துத்தான் தருவேன், பிள்ளையும் சேர்ந்து உடைக்க வேண்டும் என்றால் அது கொத்தடிமை முறை. 1976 சட்டப்படி அந்தக் கடன் அப்போதே செத்துப்போகிறது. ஒரு ரூபாய்கூடத் திருப்பித் தர வேண்டியதில்லை. சார் ஆட்சியர் அல்லது வருவாய்க் கோட்டாட்சியரிடம் சொல்லுங்கள். விசாரித்து விடுதலைச் சான்று தருவார்.

அந்தச் சான்று ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனியாக வர வேண்டும். 2016ஆம் ஆண்டு மறுவாழ்வுத் திட்டத்தில் ஆணுக்கு ஒரு லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் இரண்டு லட்சம், மிகக் கொடுமையான நிலையில் மீட்கப்பட்டவர்களுக்கு மூன்று லட்சம். குடும்பத் தலைவர் பெயரில் ஒரே சான்று வாங்கிவந்தால் பெண்ணுக்கு உரியது போய்விடும். பெரும்பகுதிப் பணம் வழக்கின் முடிவைப் பொறுத்து வருவதால், வழக்கு எண்ணையும் எழுதிவையுங்கள்.

புதுக்கோட்டைப் பெண்கள் செய்தது

கூலி வாங்குகிற பெண் குத்தகைதாரர் ஆக முடியுமா? தமிழ்நாட்டில் ஆகியிருக்கிறார்கள். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஷீலாராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, எழுத்தறிவு புகட்டும் அறிவொளி இயக்கம் ஊர் ஊராக நடந்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்ட அதே காலம். அப்போது கல்குவாரிகளின் குத்தகை ஏழைப் பெண்களின் குழுக்களுக்குக் கொடுக்கப்பட்டது. அவர்களில் பலர் அதே குவாரிகளில் கொத்தடிமைபோல உழைத்தவர்கள். இரவு வகுப்பில் எழுத்தும் கணக்கும் படித்தார்கள், பகலில் லோடு கணக்கை அவர்களே எழுதினார்கள். கூலி உயர்ந்தது. ஒப்பந்தக்காரர்கள் எதிர்த்தார்கள். சுங்கத்தும் பொருளியலாளர் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் சேர்ந்து அந்த இயக்கத்தைப் பற்றி 1996இல் புத்தகமே எழுதினார்கள்.

ஆட்சியர் மாறியபின் அதே வேகம் நீடிக்கவில்லை. குத்தகைக்குக் காலவரம்பு உண்டு. முடிந்ததும் புதுப்பித்துக் கொடுக்க மனம் உள்ள அதிகாரி வேண்டியிருந்தது. குழுவாக முயற்சி செய்ய நினைப்பவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: ஓர் அதிகாரியின் நல்ல மனதை மட்டும் நம்பி இறங்காதீர்கள். குழுவைக் கூட்டுறவுச் சங்கமாகப் பதிவு செய்யுங்கள், குத்தகை முடியும் தேதிக்கு வெகு முன்பே மனுவை ஆரம்பியுங்கள். அரசுப் புறம்போக்குக் குவாரிகள் 1959ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளின்படி ஏலத்துக்கு வருகின்றன. பணம் உள்ளவர் கையில்தான் போகும். எந்தக் குவாரி யாரிடம், எந்தத் தேதி வரை என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டிக் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும்.

இதைவிடச் சிறிதாகத் தொடங்க விரும்பினால் ஏரி வண்டல் இருக்கிறது. விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் ஏரியில் இலவசமாக மண் எடுக்க 2024லிருந்து வட்டாட்சியரே அனுமதி தரலாம். நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90, மண்பாண்டத்துக்கு 60. ஐயங்கார்குளம் மாதிரி ஏரியை நம்பிய ஊரில், தன் பெயரில் பட்டா உள்ள பெண் தானே மனுதாரராகக் கையெழுத்துப் போடலாம்.

குவாரி வரும் முன்பே

குவாரிக்கு வேலைக்குப் போகாத பெண்ணுக்கும் அதில் பங்கு உண்டு. வெடிச் சத்தத்தில் சுவர் விரிசல் விடுவதும், கிணறு வற்றுவதும், துணி காயப்போட்டால் வெள்ளைத் தூசி படிவதும் வீட்டில் இருப்பவருக்குத்தான் முதலில் தெரியும். 2012இல் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபின் ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். பக்கம் பக்கமாக உள்ள குவாரிகளின் மொத்தப் பரப்பு ஐந்து ஹெக்டேரைத் தாண்டினால் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமும் நடத்த வேண்டும். 30 நாள் முன்பே பத்திரிகையில் அறிவிப்பு வரும். மாசு கட்டுப்பாட்டு வாரியம் ஏற்பாடு செய்யும். ஆட்சியரோ அவர் அனுப்பும் மூத்த அதிகாரியோ தலைமை தாங்குவார். இந்தக் கூட்டத்துக்குக் குறைந்தபட்ச எண்ணிக்கை என்று ஒன்று கிடையாது. பத்து ஆண்கள் மட்டும் வந்தாலும் ஊர் கருத்து கேட்டாயிற்று என்று முடிந்துவிடும்.

அதனால் கூட்டமாகப் போங்கள். பேச வேண்டியதை முதல் நாளே சேர்ந்து உட்கார்ந்து பிரித்துக்கொள்ளுங்கள்: ஒருவர் கிணறு, ஒருவர் பள்ளிக்கூடப் பாதையில் டிப்பர், ஒருவர் வேலைக்கு எடுத்தால் பெண்களின் பெயர் பதிவேட்டில் வருமா என்கிற கேள்வி. எழுதிக் கொண்டுபோய்ப் படிக்கலாம், படித்ததைக் கையிலும் கொடுக்கலாம். கூட்டம் முடியும்போது, யார் என்ன சொன்னார்கள் என்கிற குறிப்பை அங்கேயே தமிழில் வாசித்துக் காட்டி, தலைமை தாங்கிய அதிகாரி அன்றைக்கே கையெழுத்திட வேண்டும் என்பது விதி. அதற்கு முன்பே பந்தலை அவிழ்க்க ஆரம்பித்துவிடுவார்கள். நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல், வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் பெயரோ நீங்கள் சொன்னதோ விட்டுப்போயிருந்தால் அங்கேயே சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.